அடிக்காதீங்க... வாசிங்க!

கல்யாண ரிசப்ஷன். மேடையில் எங்கள் ஆபீஸ் ஆர்க்கெஸ்ட்ரா. மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எங்கள் கேஷியர் சார். பின்னால் டிரம்ஸ் செட்டுக்கு நடுவே, ராத்திரி எட்டு மணிக்கும் கூலிங் கிளாஸ் சகிதமாக உட்கார்ந்திருப்பது... அடியேன்!

அந்த ஒரு பாட்டுக்காக கேஷியர் சார் மூன்று மாதம் பாத்ரூமில் சாதகம் செய்திருந்தார். நிதானமான மெலடி. பல்லவி வரைக்கும் எல்லாம் சுகம். அது முடிந்ததும் எனக்குள் இருந்த பூதம் கிளம்பிவிட்டது. 'டுபுடுபுடுபு டமால்' என்று ஒரு உருட்டு உருட்டினேன். கூட்டத்தில் நாலு பேர் விசிலடித்தார்கள். போதாதா? அடுத்த உருட்டு இன்னும் வேகம். முதல் சரணம் வருவதற்குள் பாட்டு, பிளாட்பாரத்தை விட்ட எக்ஸ்பிரஸ் மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது.

பாவம் கேஷியர் சார்! மூச்சு வாங்க இடமில்லை. இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை விழுங்கினார். அடுத்த வரியில் இருமினார். கூட்டம் சிரித்தது. அவர் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. 'கொஞ்சம் மெதுவாப்பா...' என்று கெஞ்சுகிற பார்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தேன்!

பந்தியில் பக்கத்து இலையில் எங்கள் தபேலாப் பெரியவர். பாயசத்தை நிதானமாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "தம்பி, கை நல்லா இருக்கு. காதைத்தான் வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்க போலிருக்கு."

பத்து நாள் கழித்து கல்யாண வீடியோ வந்தது. போட்டுப் பார்த்து, செல்போனில் டெம்போவை அளந்தேன். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 76 தட்டு. முடிவில் 104! அதற்குப் பிறகு கேஷியர் சார் ரிகர்சலுக்கு வருவதே இல்லை. கேட்டால், "தொண்டை சரியில்லப்பா" என்பார். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கேடு எங்கே என்பதும் தெரியும்.

நான் யாரிடமும் டிரம்ஸ் கற்றுக்கொண்டவன் இல்லை. பார்த்து, கேட்டு, மேஜையைத் தட்டி, வந்தவன். உங்களிலும் பல பேர் அப்படித்தான் இருப்பீர்கள். குரு இருந்தால் தப்பு செய்த மறு விநாடி தலையில் ஒரு குட்டு விழும். தனியாகக் கற்பவனுக்குக் குட்ட ஆள் கிடையாது. அதனால் தப்பையே தினமும் பிராக்டிஸ் செய்து, அதில் எக்ஸ்பர்ட் ஆகிவிடுகிறான். எனக்கு நடந்தது அதுதான். அப்புறம் ஒன்றரை வருஷம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் கதையும், அதில் தேறிய விஷயங்களும்தான் இது.

தனியாகக் கற்றால் கேவலமா?

இல்லவே இல்லை! பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார், 1953-ல் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த சிறுவன். அங்கே நோயாளிப் பிள்ளைகளுக்காக ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். படுக்கைக்குப் பக்கத்து அலமாரியைத் தட்டித்தான் அவருக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. 1957 கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் இரண்டாவது கணவர் ஒரு செகண்ட்ஹேண்ட் டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்தார். இடது கைக்காரரான ரிங்கோ, வலது கைக்காரர்களுக்கு வைக்கிற மாதிரி வைத்த செட்டிலேயே வாசித்தார். அவருடைய உருட்டல்கள் வித்தியாசமாக ஒலித்ததற்கு அதுவே ஒரு காரணம்.

அமெரிக்காவின் படி ரிச்சுக்கு நோட்டேஷன் படிக்க வராது. புதுப் பாட்டை வேறொருவர் வாசித்துக் காட்டுவார். ஒரு தடவை கேட்டுவிட்டு, தானே எழுதினது மாதிரி வாசிப்பார்.

நம் மாதிரி ஆபீஸ்காரர்களுக்குத் தோதான ஆள், ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். லண்டனில் சிறுவனாக இருந்தபோது பாஞ்சோ ஒன்றின் கழுத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் வயிற்றை டிரம்மாக்கித் தட்டியவர். ஜாஸ் ரிக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானே கற்றார். பகலில் விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிற உத்தியோகம். ராத்திரி டிரம்ஸ். 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், 2021-ல் இறக்கும் வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மற்றவர்கள் மேடையில் குதிக்க, இவர் பாட்டுக்கு ஒரு சின்ன செட்டோடு, பாங்க் மானேஜர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாளத்தைப் பிடித்திருப்பார்.

இந்த மூன்று பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மூவருமே முதலில் கேட்டார்கள். அப்புறம்தான் தட்டினார்கள். நான் தலைகீழ்!

நம்ம ஊரில் சிவமணி வாளியிலும் சூட்கேஸிலும் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, நாமும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து விடுகிறோம். அவர் ஏழு வயதில் குச்சி பிடித்தவர். அப்பாவும் தாள வாத்தியக்காரர். நம் கண்ணுக்கு வாளி மட்டும் தெரிகிறது. அதற்கு முந்தைய வருஷங்கள் தெரிவதில்லை.

குச்சியின் கழுத்தை நெரிக்காதீர்கள்

முதல் பாடம் கைப்பிடி. நான் குச்சியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், திருடனை அடிக்கக் கிளம்பியவன் என்றுதான் சொல்வீர்கள். அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். 'வலிச்சாத்தான் வித்தை' என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். தப்பு சார்! வலி வந்தால் பிடி தப்பு என்று அர்த்தம்.

குச்சியின் அடிப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மற்ற மூன்று விரல்களும் சும்மா சுற்றியிருக்கட்டும். கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி. பறந்துவிடவும் கூடாது, செத்துவிடவும் கூடாது. இப்போது குச்சியை டிரம் மேல் விழவிடுங்கள். பந்து மாதிரி அதுவாகவே நாலைந்து தடவை துள்ள வேண்டும். ஒரே தடவையில் நின்றால் கழுத்தை நெரிக்கிறீர்கள். அடித்த பிறகு குச்சியை மேலே தூக்குவது உங்கள் வேலை இல்லை. டிரம்மின் தோலே தூக்கிக் கொடுக்கும். அந்த இலவச சர்வீஸை வேண்டாம் என்றால் கை வலிக்காமல் என்ன செய்யும்?

குச்சி வாங்கும்போது கடையில் 5ஏ என்று கேளுங்கள். ரொம்ப கனமும் இல்லை, ரொம்ப லேசும் இல்லை. ஸ்டூல் உயரத்தையும் பாருங்கள். முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், பெடல் மிதிக்கும் கால் மரத்துப் போகும்.

நிமிஷத்துக்கு அறுபது

தபேலாப் பெரியவரிடம் போய் நின்றேன். "ஐயா, எனக்குக் காது வேணும்" என்றேன். சிரித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "அது போற போக்குல பத்து நிமிஷம் தட்டுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

பத்து நிமிஷம்தானே? மூன்றாவது நிமிஷத்தில் நான் கடிகாரத்தை முந்திவிட்டேன்! ஐந்தாவது நிமிஷத்தில் கடிகாரத்தின் மேல் சந்தேகமே வந்தது. பேட்டரி வீக்கோ? இல்லை. வீக்காக இருந்தது நான்தான். வேகமாக அடிப்பவனால் மெதுவாக அடிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மெதுவாகப் போகும்போது இரண்டு தட்டுக்கு நடுவே நிறைய காலி இடம். அங்கேதான் மனசு அலைபாயும், கை முந்தும்.

அந்தக் காலி இடத்தை நிரப்ப நம்மிடம் அருமையான மருந்து இருக்கிறது. சொல்கட்டு! மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வையுங்கள். இதை 1815-ல் மெல்சல் என்பவர் பேட்டன்ட் எடுத்தபோது ஊசல் ஆடும் பெட்டி. இப்போது செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் முதலில் ஒரு அடி: 'தா'. பிறகு இரண்டு: 'தக'. பிறகு மூன்று: 'தகிட'. பிறகு நாலு: 'தகதிமி'. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். கை அடிக்கும்போது வாயும் சொல்ல வேண்டும். வாய் தடுமாறினால் கையும் தடுமாறும்.

'தகிட'விலிருந்து 'தகதிமி'க்கு மாறும் இடத்தில்தான் நம் சாயம் வெளுக்கும். 'டிக்' மாறவே கூடாது. நடுவில் விழும் அடிகளின் எண்ணிக்கைதான் மாற வேண்டும். அது சரியாக வந்த பிறகு 65. அப்புறம் 70. அவசரமே வேண்டாம்.

கொஞ்சம் தேறியதும் இன்னொரு பயிற்சி. நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றை 'பார்' என்பார்கள். நாலு பார் மெட்ரோனோமோடு வாசியுங்கள். அடுத்த நாலு பார் அதன் சத்தத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள். மறுபடி சத்தம் வரும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். முதல் வாரம் நான் அடுத்த தெருவில் இருந்தேன்!

வலது இடது வலது வலது

கைக்கு இலக்கணம் உண்டு. 'ரூடிமென்ட்ஸ்' என்பார்கள். 1984-ல் சர்வதேச அளவில் 40 ரூடிமென்ட்ஸைப் பட்டியல் போட்டு வைத்தார்கள். நாற்பதும் வேண்டாம், மூன்று போதும். ஒன்று, வலது-இடது-வலது-இடது. இரண்டு, வலது-வலது-இடது-இடது. மூன்றாவது, 'பாராடிடில்': வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. எதிரே இருப்பவர் கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கை அடிக்கிறது என்று தெரியக் கூடாது. அதுதான் பரீட்சை. எனக்கு இடது கை, அரசாங்க ஆபீஸில் தூங்கும் ஃபைல் மாதிரி. அதை எழுப்ப மூன்று மாதம் ஆயிற்று.

இதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய 'ஸ்டிக் கண்ட்ரோல்'. 1935-ல் வந்தது. முதல் பக்கத்தில் வலது, இடது, வலது, இடது என்பதைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. ஒவ்வொரு வரியையும் இருபது தடவை வாசிக்கச் சொல்கிறார். போர் அடிக்கும்தான். இட்லி மாவு ஆட்டுவது கூடத்தான் போர். இட்லி வேண்டுமா, வேண்டாமா?

இதற்கெல்லாம் டிரம்ஸ் செட் தேவையில்லை. ரப்பர் பிராக்டிஸ் பேட் போதும். கீழ் வீட்டு மாமிக்கும் நமக்கும் சமாதானம் நிலைக்கும். தலையணையில் தட்டினால் குச்சி துள்ளாது. மணிக்கட்டுக்குப் பலம் வரும், ஆனால் அதிலேயே பழகிவிடாதீர்கள்.

கால்களுக்கு ஆபீஸ் மேஜைக்கு அடியிலேயே இடம் இருக்கிறது. வலது கால் ஒன்றிலும் மூன்றிலும். இடது கை இரண்டிலும் நாலிலும் தொடையில். வலது கை எட்டுத் தட்டு: 'ஒண்ணும் ரெண்டும் மூணும் நாலும்'. உலகத்துப் பாட்டுகளில் பாதிக்கு இந்த ஒரு பீட் போதும். நம் ஊர் குத்துப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஆறு எண்ண வேண்டும். 'தகிட தகிட'. ஒன்றில் கால், நாலில் ஸ்நேர். நான் மேஜைக்கடியில் பயிற்சி செய்ததைப் பார்த்த செக்ஷன் ஆபீஸர், "நரம்பு டாக்டரைப் பாருங்களேன்" என்றார் அக்கறையாக.

உருட்டல் என்ற வியாதி

இனி என் குற்ற வாக்குமூலம். பாட்டு ஓடியது உருட்டல்களால்தான். ஒரு உருட்டு முடிந்து சிம்பலில் 'டமால்' என்று விழுகிற அந்த ருசிக்கு ஆசைப்பட்டு, கடைசி நாலு அடியை நெருக்கிக்கொண்டு ஓடுவோம். 'டமால்' கால் விநாடி முன்னாலேயே விழும். மற்றவர்கள் பாவம், நம்மோடு சேர்ந்துகொள்ள ஓடி வருவார்கள். நாலு உருட்டலில் பாட்டு எக்ஸ்பிரஸ்!

பெரியவர் சொன்ன வைத்தியம் விசித்திரமானது. மூன்று பார் பீட் வாசி. நாலாவது பாரில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. மனசுக்குள் நாலு எண்ணு. சரியாக அடுத்த 'ஒண்ணு'ல விழு. சும்மா இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் உருட்ட லைசென்ஸ்! அது வந்த பிறகு அந்தக் காலி பாரில் நாலே நாலு அடி. அப்புறம் எட்டு. அப்புறம்தான் பதினாறு.

இன்னொன்று சத்தம். பழகாதவன் ஹைஹாட்டைத்தான் பலமாக அடிப்பான். கால் டிரம்மும் ஸ்நேரும் முன்னால் நிற்க வேண்டும், ஹைஹாட் பின்னால் கிசுகிசுக்க வேண்டும். பாடுகிறவரின் வார்த்தை உங்கள் காதில் விழவில்லையா? நீங்கள் அதிகம் சத்தம் போடுகிறீர்கள். இதைவிடச் சுலபமான அளவுகோல் கிடையாது.

சட்டைப்பையில் ஒரு வாத்தியார்

குட்டுவதற்கு ஆள் இல்லை என்றேனே... இருக்கிறார்! செல்போன் ரிக்கார்டர். வாசித்ததைப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், உடனே கேட்டால் எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். மறுநாள் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள். முதல் தடவை எனக்குக் காபி கசந்தது. தினமும் ஒரே ஒரு தப்பை மட்டும் குறித்துக்கொண்டு, அன்றைக்கு அதை மட்டும் திருத்துங்கள்.

மாதம் ஒரு தடவையாவது தெரிந்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். குரு என்று தாம்பூலம் வைத்தால்தான் ஆச்சா? பக்கத்துத் தெரு மிருதங்க வித்வான், சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் பையன், யாராக இருந்தாலும் பரவாயில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

காதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம்! சின்ன அறையில் டிரம்ஸ் செட் அதை அநாயாசமாகத் தாண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காதடைப்பானை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்த பிறகு காதில் 'ஙொய்ய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி.

தினம் 25 நிமிஷம்

ஆபீஸ் போகிறவனுக்கு இதுதான் கட்டுபடியாகும்:

முதல் 5 நிமிஷம் - 60-ல் வலது, இடது. கைப்பிடியைக் கவனிக்க.

அடுத்த 8 நிமிஷம் - தா, தக, தகிட, தகதிமி. வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அடுத்த 5 நிமிஷம் - பாராடிடில்.

கடைசி 7 நிமிஷம் - ஒரே பாட்டு, ஒரே பீட், உருட்டல் கிடையாது. ரிக்கார்டர் ஆன்!

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடித்து நொறுக்குவதை விட, தினம் 25 நிமிஷம் மேல். கை தினமும் சாப்பிடும் ஜாதி.

சரி, கேஷியர் சார் கதைக்கு வருகிறேன். போன வருஷம் அவர் ரிடையர் ஆனார். பிரிவுபசார விழாவில் பாடச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். மறுத்தார். நான் அவர் கவுன்ட்டருக்குப் போனேன். "சார், அதே பாட்டு. நான் வாசிக்கிறேன்."

நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நீயா? எனக்கு வயசு அறுபதுப்பா. ஓட முடியாது."

"ஓட வேண்டாம் சார். நீங்க நடங்க. நான் கூட வர்றேன்."

அவர் பதில் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து நோட்டை எண்ண ஆரம்பித்தார். ஆனால் விழா அன்றைக்கு மைக்கைப் பிடித்தார். கூலிங் கிளாஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பல்லவி முடிந்தது. கை துறுதுறுத்தது. ஒரு பார் முழுக்கச் சும்மா இருந்தேன். அந்த இடைவெளியில் அவர் நன்றாக, நெஞ்சு நிறைய, ஒரு மூச்சு இழுத்தது மைக்கில் எனக்குக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரியையும் விழுங்கவில்லை. முடிந்ததும் கைதட்டல். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

என் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டு அளந்தேன். ஆரம்பத்தில் 76. முடிவில் 77.

அந்த ஒன்றைத்தான் இப்போது சரி செய்துகொண்டிருக்கிறேன்.